ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ஏன் விலங்கு?

ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள், துப்பாக்கியைக் காட்டி ஆட்களைப் பிடித்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள் என்றுதான் அடிமை வணிகத்தைப் பற்றி நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. இத்தனை பெரிய வணிகம் துப்பாக்கியை மட்டும் நம்பி மூன்று நூற்றாண்டுக்கு மேல் நடந்திருக்க முடியாது. சரக்கு, கடன், உள்ளூர்க் கூட்டாளிகள், அரசர்களோடு உறவு எல்லாம் அதற்குத் தேவைப்பட்டன. செய்வது சரிதான் என்று சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் தேவைப்பட்டது. அந்த நியாயம் எப்படி உருமாறியது என்பதைப் புரிந்துகொள்ள, காங்கோ அரசின் கதையைப் போல உதவக்கூடியது வேறில்லை.

எந்தக் காங்கோ?

இன்று காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. பழைய காங்கோ அரசின் தலைநகரோ இரண்டிலும் இல்லை. அது அங்கோலாவின் வடக்கே இருக்கும் எம்பான்சா காங்கோ. 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே மாகாணங்கள், ஆளுநர்கள், வரி வசூல் என்று ஒழுங்காக நடந்த அரசு அது. லுவாண்டா தீவின் கரையில் அள்ளிய 'என்சிம்பு' என்ற சிறு சங்குகள்தான் அங்கே நாணயம். அதை அள்ளும் உரிமை மன்னருடையது.

இந்தியாவுக்குக் கடல்வழி தேடி ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த போர்த்துகீசியர்கள், 1480-களின் தொடக்கத்தில் டியோகோ காவ் என்ற மாலுமியின் தலைமையில் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை எட்டுவதற்கு இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. காவ் தன்னோடு லிஸ்பனுக்குக் கொண்டுபோன காங்கோக்காரர்கள் போர்த்துகீசிய மொழி கற்று ஊர் திரும்பினார்கள். 1491-ல் பாதிரியார்களும் கொத்தனார்களும் தச்சர்களும் வந்து இறங்கினார்கள். மன்னர் என்சிங்கா எ என்குவு ஞானஸ்நானம் பெற்று, போர்ச்சுகல் மன்னரின் பெயரான ஜுவாவ் என்பதையே தனக்கும் வைத்துக்கொண்டார்.

இதில் எங்கும் படையெடுப்பு இல்லை. இரண்டு மன்னர்களும் கடிதங்களில் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

அடிமைப்படுத்த முதலில் சொன்ன காரணம்

அதே காலத்தில் போர்ச்சுகல் ஏற்கெனவே ஆப்பிரிக்க அடிமைகளை விற்றுக்கொண்டிருந்தது. 1444 ஆகஸ்டில் அந்நாட்டின் லாகோஸ் துறைமுகத்தில் 235 பேரை இறக்கிப் பங்கு பிரித்தார்கள். இளவரசர் ஹென்றி குதிரைமேல் அமர்ந்து தன் பங்கான ஐந்தில் ஒன்றை, 46 பேரை, எடுத்துக்கொண்டார். தாயிடமிருந்து பிள்ளையையும் கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்ததையும், அங்கே எழுந்த அழுகையையும் எழுதிய அரசவை வரலாற்றாசிரியர் ஜுராரா, இவர்களின் ஆன்மாவுக்கு இனி மீட்பு உண்டு என்று சமாதானமும் சொல்லிவிடுகிறார்.

1452-ல் போப் ஐந்தாம் நிக்கோலாஸ் வெளியிட்ட ஆணை இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இஸ்லாமியரையும் கிறிஸ்துவை ஏற்காத பிறரையும் தாக்கவும், நிரந்தர அடிமைகளாக்கவும் போர்ச்சுகல் மன்னருக்கு அது அனுமதி தந்தது. ஆக, அடிமைப்படுத்த அன்று காட்டிய காரணம் மதம். தோலின் நிறம் அதற்குள் முதன்மையாக வரவில்லை.

அப்படியென்றால் ஒரு நாடே கிறிஸ்தவ நாடாகிவிட்டால்? அந்தக் கேள்வியை எழுப்பியது காங்கோ.

அஃபோன்சோ எழுதிய கடிதங்கள்

ஜுவாவின் மகன் எம்வெம்பா எ என்சிங்கா, முதலாம் அஃபோன்சோ என்ற பெயரில் 1500-களின் முதல் பத்தாண்டில் ஆட்சிக்கு வந்து 1540-களின் தொடக்கம் வரை ஆண்டார். பள்ளிகளையும் தேவாலயங்களையும் கட்டினார். போர்ச்சுகலுக்குப் படிக்க அனுப்பிய அவருடைய மகன் ஹென்றிக்கை, 1518-ல் போப் பத்தாம் லியோ ஆயராக நியமித்தார்.

அஃபோன்சோ லிஸ்பனுக்கு எழுதிய கடிதங்களில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. 1526 ஜூலையில் எழுதியது அவற்றில் முக்கியமானது. அதில் அவர் வைக்கும் புகார் ஒரு பொருளாதாரப் பாடம் போலவே இருக்கிறது. போர்த்துகீசிய வணிகர்கள் துணியையும் பிற பொருட்களையும் மன்னரைத் தாண்டி நேரடியாகச் சிற்றரசர்களிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். மன்னரிடம் இருப்பதைவிட அதிகச் சரக்கு அவர்களிடம் சேர்ந்துவிடுகிறது. பிறகு அவர்கள் யாருக்கு அடங்குவார்கள்? அந்தச் சரக்குக்கு விலையாகக் கேட்கப்படுவது ஆட்கள். ஆசைப்பட்டவர்கள் இரவோடு இரவாகக் குடிமக்களைக் கடத்தினார்கள். பிரபுக்களின் பிள்ளைகளும், மன்னரின் உறவினர்களும்கூடத் தப்பவில்லை. நாடு காலியாகிறது என்று எழுதிய அஃபோன்சோ, பாதிரியார்களும் ஆசிரியர்களும், திருப்பலிக்கான ரசமும் மாவும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கடிதம். வணிகத்தை முற்றாக நிறுத்தும் பேச்சு அதில் இல்லை. மாறாக ஒரு கட்டுப்பாட்டை அறிவிக்கிறார்: அடிமை வாங்கும் எவரும் முதலில் மூன்று அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும், பிடிபட்டவர் உண்மையில் போர்க் கைதியா, சுதந்திரக் குடிமகனா என்று அவர்கள் விசாரிப்பார்கள்.

அஃபோன்சோவை அடிமை முறையின் எதிரியாகப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காங்கோவிலும் அடிமைகள் இருந்தார்கள். போர்க் கைதிகளை அஃபோன்சோவே விற்றிருக்கிறார். போர்ச்சுகலில் ஆன செலவுகளுக்கு ஆட்களை அனுப்பி ஈடுகட்டியிருக்கிறார். அவர் எதிர்த்தது தன் சொந்தக் குடிகள் பிடிபடுவதையும், வணிகம் தன் கையை மீறிப் போவதையும்தான். ஆனால் கடலுக்கு அப்பால் பெருகிய தேவைக்கு எல்லை இல்லை. அருகிலிருந்த சாவோ தோமே தீவில் கரும்புத் தோட்டங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. பிரேசிலின் தோட்டங்கள் அடுத்து வந்தன. 1529-ல் லிஸ்பனிலிருந்து வந்த பதிலில், வணிகத்தை நிறுத்தும் எண்ணம் அங்கே இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

1570-களில் போர்த்துகீசியர்கள் காங்கோவுக்குத் தெற்கே லுவாண்டாவில் தங்களுக்கென்று ஒரு நகரத்தை அமைத்தார்கள். ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலேயே மிக அதிகமான அடிமைகளை ஏற்றியனுப்பிய இடமாக அது ஆனது. 1665-ல் எம்ப்விலா போரில் காங்கோ மன்னர் முதலாம் அந்தோனியோ போர்த்துகீசியப் படையால் கொல்லப்பட்டார். கொன்றவர்களும் கொல்லப்பட்டவரும் கத்தோலிக்கர்கள்.

வணிகம் நிற்கவில்லை, காரணம் மாறியது

மதம்தான் காரணம் என்றால், ஞானஸ்நானத்தோடு விலங்கு கழன்றிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். லுவாண்டாவில் கைதிகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஏற்றுமதிக்கு முன் முடிக்க வேண்டிய சடங்காக அது சுருங்கிவிட்டது.

1619-ல் ஆங்கிலேயரின் வர்ஜீனியா குடியேற்றத்தில் விற்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கர்கள், லுவாண்டாவிலிருந்து புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பலிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர் எப்படி அடிமையாக இருக்கலாம் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. 1667-ல் வர்ஜீனியா சட்டசபை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: ஞானஸ்நானம் ஒருவரின் அடிமை நிலையை மாற்றாது.

இனி வேறு காரணம் வேண்டும். நோவாவின் சாபம் அவருடைய மகன் காமின் வழிவந்த கறுப்பர்கள்மேல் விழுந்தது என்று சிலர் விவிலியத்தை வளைத்தார்கள். 18-ம் நூற்றாண்டில் தத்துவம் கைகொடுத்தது. கறுப்பர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று தனக்குத் தோன்றுவதாக டேவிட் ஹியூம் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். மதம் மாறலாம், தோலை மாற்ற முடியாது. தலைமுறை தலைமுறையாக அடிமை வேலையாட்கள் தேவைப்பட்ட தோட்டக்காரர்களுக்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

ஆப்பிரிக்கர்களின் மறுப்பு

அந்தோன் வில்ஹெல்ம் அமோ இன்றைய கானாவின் ஆக்சிம் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு ஒரு பிரபுவின் அரண்மனையில் வளர்ந்தார். 1729-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில், ஐரோப்பாவில் வாழும் கறுப்பர்களின் உரிமைகள் பற்றி வாதிட்டார். 1734-ல் விட்டன்பர்க்கில் மனம், உடல் பற்றிய தத்துவ ஆய்வை லத்தீனில் அளித்து முனைவரானார். ஹியூம் அந்த அடிக்குறிப்பை எழுதுவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

அதற்கும் முன்னால் ஒருவர் ரோமில் வழக்காடியிருக்கிறார். காங்கோ, அங்கோலா அரச வம்சத்தைச் சேர்ந்தவராகத் தன்னைச் சொல்லிக்கொண்ட லூரென்சோ த சில்வா த மெண்டூசா, 1684-ல் வாடிகனில் மனுக் கொடுத்தார். கிறிஸ்தவர்களான கறுப்பர்களும் அவர்களின் பிள்ளைகளும் நிரந்தர அடிமைகளாக வைக்கப்படுவதையும், அவர்கள் அனுபவிக்கும் சித்திரவதைகளையும் அதில் அடுக்கினார். 1686-ல் வாடிகனின் மதக் கோட்பாட்டு மன்றம், தீங்கு செய்யாதவர்களை வஞ்சகத்தாலும் வன்முறையாலும் பிடித்து விற்பது தவறு என்று தீர்மானித்தது. அரசுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரிட்டனில் அடிமை வணிக எதிர்ப்புச் சங்கம் தோன்ற அதற்குப் பிறகு 100 ஆண்டுகள் ஆயின.

அடிமை ஒழிப்பு என்றாலே ஐரோப்பிய அறிவொளியின் கொடை என்று படித்துப் பழகியவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது லாபம். அதற்கு மதம் துணைக்கு வந்தது. மதம் உதவாதபோது நிறம் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் காரணம் செல்லாது என்று, ஐரோப்பியர் மதித்த மொழியிலும் அவர்களின் சட்டத்தைக் கொண்டுமே, எடுத்துச் சொன்ன ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள்.

1452 ஆணை உள்ளிட்ட 15-ம் நூற்றாண்டு ஆணைகள் பழங்குடி மக்களின் சம கண்ணியத்தையும் உரிமைகளையும் போதிய அளவு மதிக்கவில்லை என்று வாடிகன் அதிகாரபூர்வமாக அறிவித்தது 2023 மார்ச்சில். மெண்டூசாவின் மனு அதற்கு முன் 339 ஆண்டுகளாக அவர்களிடமே இருந்தது.