இரவு வியர்வைக்கு எத்தனை மதிப்பெண்?

குளித்துவிட்டு வந்ததும் உடம்பெல்லாம் அரிக்கிறது. தடிப்பு இல்லை, சிவப்பும் இல்லை. சோப்பை மாற்றினாலும் நிற்கவில்லை. ‘பாலிசைத்தீமியா வேரா’ என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பலருக்குத் தண்ணீர் பட்டாலே இப்படி அரிக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபினுக்கு இடமுண்டு, தட்டணுக்களுக்கு இடமுண்டு. அரிப்புக்கு இல்லை.

எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைக் கட்டுப்பாடின்றி உற்பத்தி செய்யும் நோய்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது இந்த நோய். 1951இல் ரத்தவியல் மருத்துவர் வில்லியம் டாமெஷெக் இக்குடும்ப நோய்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தார். இந்தக் குடும்பத்தில் ‘மைலோஃபைப்ரோசிஸ்’ கொஞ்சம் முரடு. மஜ்ஜை நார் பாய்ந்து இறுகிப்போக, ரத்தம் உண்டாக்கும் வேலையை மண்ணீரல் இழுத்துப் போட்டுக்கொண்டு வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் இரைப்பையை அழுத்துவதால் நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். இரவில் வியர்வை படுக்கையை நனைக்கும். ஆனாலும் மருத்துவர் “எப்படி இருக்கீங்க?” என்றால், “பரவாயில்ல டாக்டர்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரூபன் மெசாவின் குழு, இந்தக் குடும்ப நோய்கள் உள்ளவர்களிடம் இணையம் வழியாக ஒரு கருத்தாய்வு நடத்தி 2007இல் முடிவுகளை வெளியிட்டது. பல நாடுகளிலிருந்து 1,179 பேர் பதில் தந்திருந்தார்கள். அசதி இருப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 81 சதவீதம். அரிப்பு 52, இரவு வியர்வை 49, எலும்பு வலி 44. மருத்துவர்கள் வழக்கமாகத் துருவிக் கேட்கும் காய்ச்சலும் எடைக் குறைவும் 14 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இணையத்தில் பதில் தருபவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் பிரதிநிதிகள் அல்ல. அவதி அதிகமுள்ளவரே ஆர்வமாக நிரப்பியிருக்கலாம். 81 என்ற எண்ணைக் கல்லில் செதுக்க வேண்டியதில்லை. ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பது அதில் தெளிவாகிவிட்டது.

எப்படிக் கேட்பது என்பது அடுத்த தலைவலி. தமிழில் அலுப்பு, களைப்பு, அசதி, சோர்வு என்று எத்தனை சொற்கள்! நாற்று நட்டுவிட்டு வருபவருக்கு வருவது அலுப்பு. ஒரு தூக்கம் போட்டால் தீரும். இந்நோயில் வருவதோ தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருக்கும். வினாத்தாளை மொழிபெயர்ப்பவர் தவறான சொல்லைத் தேர்ந்தெடுத்தால், நோயாளி வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

மெசாவின் குழு அடுத்து மைலோஃபைப்ரோசிஸுக்கென்றே ஓர் அறிகுறிப் படிவத்தை உருவாக்கியது. ஒவ்வொரு தொல்லைக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 0 என்றால் தொல்லையே இல்லை, 10 என்றால் இதற்குமேல் மோசமாக முடியாது. இதைத் திருத்தியமைத்து, ரக்ஸோலிடினிப் என்ற மருந்தின் ‘கம்ஃபர்ட்-1’ ஆய்வில் பயன்படுத்தினார்கள். நோயாளிகள் 309 பேர். ஒவ்வொரு இரவும் மின்னணு நாட்குறிப்பில் மதிப்பெண் போட வேண்டும். உணர்வை அளந்தால் மனப்பிரமையும் சேர்ந்து வராதா? வரலாம். அதற்காகவே பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 24 வாரங்களில் மொத்த மதிப்பெண் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, மருந்து எடுத்தவர்களில் 46 சதவீதத்தினருக்கு. வெற்று மாத்திரைக் குழுவில் 5 சதவீதம்தான். 2011 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தபோது, மண்ணீரல் சுருங்கிய கணக்கோடு இந்த இரவுக் கணக்கும் மேசையில் இருந்தது.

ஒரு வேடிக்கை. அந்த மொத்த மதிப்பெண்ணில் சேர்த்தவை ஆறு தொல்லைகள்: இரவு வியர்வை, அரிப்பு, வயிற்று அசௌகரியம், இடது விலாவுக்குக் கீழே வலி, சீக்கிரம் வயிறு நிறைதல், எலும்பு-தசை வலி. கருத்தாய்வில் முதலிடம் பிடித்த அசதி அதில் இல்லை!

படிவத்தின் நான்காம் பதிப்பில்தான் அது ஏழாவதாக இடம் பிடித்தது. மோமெலோடினிப் என்ற மருந்தை ‘மொமென்டம்’ ஆய்வில் சோதித்தபோது முதன்மை அளவுகோலாக வைத்தது மண்ணீரலின் அளவை அல்ல. இந்த ஏழு கேள்விகளுக்கு நோயாளிகள் தந்த மதிப்பெண்ணை. 2023இல் அந்த மருந்துக்கும் ஒப்புதல் கிடைத்தது.