யாருடைய அந்நியன்? கண்டியின் கடைசி மன்னனும் நாடுகடத்தலின் அரசியலும்

ஓர் அரசனை நாடுகடத்துவது அவனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்புறப்படுத்துகிற காரியம் மட்டுமல்ல. அவன் எந்த மண்ணுக்கு உரியவன் என்பதையே அது திருத்தி எழுதுகிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வேலூர் வாழ்க்கையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1815 பிப்ரவரி 18ஆம் தேதி அவன் பிடிபட்டான். 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டான். அங்கே பதினாறு ஆண்டுகள். 1832 ஜனவரி 30இல் மரணம். பாலாற்றங்கரையில் சமாதி.

வேலூரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு அவன் குடும்பத்தை அடைத்துவைத்ததும் இதே கோட்டையில்தான். 1806 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு அகற்றினார்கள். பத்தாண்டு கழித்துக் கண்டி மன்னன் வந்தான். தோற்றுப்போன அரசவம்சங்களைப் பூட்டிவைக்கும் கிடங்காகக் கம்பெனி இதைப் பயன்படுத்தியது. கோட்டைக்குள் கண்டி மஹால் என்று இன்றும் ஒரு கட்டடம் இருக்கிறது. ராணிகள், உறவினர்கள், உதவித்தொகை, வாசலில் காவல்: மகுடம் இல்லாத ஓர் அரண்மனை. அவனது கடற்பயணம் பற்றி நமக்குக் கிடைப்பதும் கூடவே சென்ற வெள்ளை அதிகாரி கிரான்வில் எழுதிய குறிப்பேடுதான். கைதியின் பேச்சு காவலாளியின் பிரதி வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது.

“அவன் நம்ம ஆளுதானே, நம்ம ஊருக்குத்தானே அனுப்புனாங்க, இதுல நாடுகடத்தல் எங்க வந்துச்சு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பிரச்சினை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

1815 மார்ச் 2இல் கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தைப் பாருங்கள். மன்னனின் கொடுமைகளை அது முதலில் அடுக்குகிறது. கொடுமைகள் பொய்யில்லை, 1814இல் எஹெலபொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றவன் அவன். அவனைத் தியாகியாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒப்பந்தம் அதோடு நிற்கவில்லை. ‘மலபார் இன’த்துக்குக் கண்டியின் மீதிருந்த உரிமை முழுவதும் ஒழிந்தது என்கிறது இரண்டாம் விதி. மன்னனின் ஆண் உறவினர்கள் அனைவரும் பகைவர்கள், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் யாரும் திரும்பி வரக்கூடாது, மீறினால் இராணுவச் சட்டம் என்கிறது மூன்றாம் விதி. அன்றைய ஆங்கில ஆவணங்களில் மலபார் என்றால் தமிழர். ஒருவனின் குற்றம் ஓர் இனத்தின் குற்றமாக உருமாறுகிற இடம் இது.

அவனுடைய மரபு அப்படி ஒரு சொல்லில் அடங்குவதா? 1739இல் வாரிசில்லாமல் நரேந்திரசிங்கன் இறந்தபோது பட்டத்துக்கு வந்தவன் ராணியின் சகோதரன். மதுரையோடு மணவுறவு கொண்ட நாயக்க வழி. வீட்டு மொழி தெலுங்கு. அரசவையில் தமிழும் புழங்கியது. அமர்ந்ததோ சிங்கள அரியணை. சைவ வழிபாட்டை விடாத இம்மரபின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீட்டான். அவனையும் 1760இல் கொல்லச் சதி நடந்தது. வேற்றுச் சமயத்தான் என்ற குமுறலும் அதில் இருந்தது. ஆக, அந்நியன் என்ற சொல்லைக் காலனியம் வெறும் காற்றிலிருந்து உருவாக்கவில்லை. அரசவைப் பூசலில் அவ்வப்போது வீசப்பட்ட வசையை எடுத்துச் சட்டமாக்கியது. வசைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

மக்கள் அந்தச் சட்டத்தை ஏற்றார்களா? 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகள் வெள்ளையனுக்கு எதிராகக் கிளர்ந்தன. அரசனாக முன்நின்ற வில்பாவே முன்னாள் பிக்கு; தன்னைத் துரைசாமி என்ற நாயக்க இளவரசனாகச் சொல்லிக்கொண்டவன். ஆள் போலி. ஆனால் அந்த வேஷம் எடுபட்டதே, அதை எப்படி விளக்குவது? தடைசெய்யப்பட்ட மரபின் பெயரைச் சொல்லித்தான் சிங்களக் குடியானவர்களைத் திரட்ட முடிந்திருக்கிறது. அவர்கள் தேடியது ‘தமிழனை’யோ ‘சிங்களவனை’யோ அல்ல, தங்கள் அரசனை.

அவன் அமர்ந்த அரியணை விண்ட்சருக்குப் போய் 1934இல் இலங்கை திரும்பியது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்னனின் சமாதி இங்கேயே தங்கிவிட்டது. 1990இல் தமிழக அரசு அதைச் சுற்றி முத்துமண்டபம் எழுப்பி, இலங்கையின் கடைசித் தமிழ் மன்னன் என்று கொண்டாடியது. அங்கே சிங்களப் பேரினவாதம் அவனை வந்தேறித் தமிழன் என்கிறது. ஒன்று கொண்டாட்டம், மற்றது வெறுப்பு; இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்த வெறுப்புக்கு அரசும் இராணுவமும் இருந்தன. அதன் பலிகளை எண்ணி மாளாது. ஆனால் இரு தரப்பும் வாசிப்பது பிரிட்டிஷ்காரன் எழுதிய அதே மூன்றாம் விதியைத்தான்.

குடியுரிமைச் சட்டங்கள் 1948இலும் 1949இலும் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோதும், 1964 சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரை ‘தாயகம் திரும்புவோர்’ என்று கப்பலேற்றியபோதும் இதே தர்க்கம்தான் இயங்கியது: அனுப்புகிறவன்தான் உன் ஊர் எது என்று முடிவு செய்கிறான். அவர்களில் பலர் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். அவர்களுக்கு வேலூரில் ஓர் அரண்மனைகூடக் காத்திருக்கவில்லை. நம்முடைய வரலாறெழுத்து மன்னனின் சமாதியிலிருந்து நகர்ந்து இவர்களிடம் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.