இ.சி.ஜி. தாளில் சீரற்ற இதயத் துடிப்பை அறிதல்

இதயத்தில் எழும் மின்தூண்டலைத் தாளில் கோடாகப் பதிவு செய்வதே இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபடம். அதை முழுமையாகப் படித்தறிவது மருத்துவரின் பணி. மாரடைப்பு உண்டா இல்லையா என்பதை வீட்டில் வைத்துத் தீர்மானிக்க இயலாது, முயலவும் கூடாது. எனினும், துடிப்பு சீராக உள்ளதா என்பதை நோயாளியோ பராமரிப்பவரோ ஓரளவு பார்த்து அறியலாம்.

வழக்கமாகத் தாள் நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகரும். அதில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடியையும் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடியையும் குறிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் சிறு மேடு போன்ற ‘பி’ அலை தோன்றும். இதயத்தின் மேலறைகள் தூண்டப்படுவதன் அடையாளம் அது. அடுத்து வரும் உயரமான கூர்முனை கீழறைகளுக்குரியது. இறுதியில் வரும் ‘டி’ அலை, கீழறைகள் ஓய்வுநிலைக்குத் திரும்புவதைக் காட்டும்.

தாளின் அடிப்பகுதியில் பெரும்பாலும் நீண்ட வரி ஒன்று இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தின் விளிம்பை அதன்மீது வைத்து, அடுத்தடுத்த மூன்று கூர்முனைகளுக்கு நேராகப் புள்ளியிடுக. பின்னர் காகிதத்தை அவ்வரியின்மீதே நகர்த்திப் பார்க்கவும். மற்றக் கூர்முனைகளும் புள்ளிகளோடு பொருந்தினால் துடிப்பு சீரானது. 50 பெரிய கட்டங்களுக்குள், அதாவது 10 நொடிகளில், உள்ள கூர்முனைகளை எண்ணி ஆறால் பெருக்கினால் நிமிடத்திற்கான துடிப்பு எண்ணிக்கை கிடைக்கும்.

எங்கு நகர்த்தினாலும் புள்ளிகள் பொருந்தாமல், கூர்முனைகளுக்கு முன் தெளிவான ‘பி’ அலையும் இன்றி, அடிக்கோடு நெளிந்து காணப்பட்டால் அது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் மேலறை நடுக்கமாக இருக்கலாம். இந்நிலையில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காததால் அங்கு இரத்தம் தேங்கி உறையக்கூடும். அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு அதிகம். கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இன்னும் கூடுதல்.

சீரற்ற துடிப்புகள் யாவும் இந்நோயாகிவிடா. இளையோருக்கு மூச்சின் போக்கிற்கேற்பத் துடிப்பு சற்று மாறுவது இயல்பே. இடையே ஒரு துடிப்பு முந்தி வந்து, சிறு இடைவெளி விடுவதும் பலருக்கு உண்டு. கை நடுக்கமும் குளிரால் உண்டாகும் உடல் நடுக்கமும்கூடக் கோட்டை நெளியச் செய்யும். கருவியே அச்சிட்டுத் தரும் முடிவையும் மருத்துவர் சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

மேலறை நடுக்கம் சிலருக்கு வந்து வந்து மறையும். படபடப்பு நின்றபின் எடுக்கும் இ.சி.ஜி. முற்றிலும் இயல்பாக இருக்கக்கூடும். எனவே படபடப்பின்போது எடுத்த பழைய தாள் ஒன்று பெரிதும் உதவும். அதைத் தவறாமல் கொண்டு வருக. வெப்பத்தாளில் உள்ள பதிவு நாளடைவில் மங்கிவிடுமாதலால் நகல் எடுத்து வைப்பது நலம். லேமினேஷன் செய்தால் அச்சூட்டில் தாளே கறுத்துவிடும்.

புறநோயாளிப் பிரிவில் எனக்கு மிகுந்த கவலை அளிப்பது வேறொன்று. ‘இ.சி.ஜி. நார்மல்’ என்றதும் சிலர் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். அத்தாள் பெரும்பாலும் பத்து நொடிகளின் பதிவு மட்டுமே. மாத்திரை தேவையா என்பது வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்னர் வந்த பக்கவாதம், வால்வு நோய் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் உட்கொள்வது போதாது. வார்ஃபரின் உட்கொள்பவர்கள் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ள வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தலாகாது.

படபடப்புடன் மயக்கம், நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல் இருந்தாலோ, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் திடீரெனத் தோன்றினாலோ உடனே 108-ஐ அழைக்கவும். பக்கவாதத்தில் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டியது. ஆகவே நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும், அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களையும் குறித்து எடுத்துச் செல்லவும்.