வாவிக்கரை அமைச்சர்: அன்றும் இன்றும்

மட்டக்களப்பில் மூத்தவர்கள் மேடைப்பேச்சைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் செ. இராசதுரையின் பெயர் வராமல் போகாது. ‘சொல்லின் செல்வர்’ என்றே ஊர் அவரை அழைத்தது. 1956இல் தமிழரசுக் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் போனவர், 1977 வரை எந்தப் பொதுத்தேர்தலிலும் தோற்கவில்லை. வாவியின் இருபுறமுமான எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் கொடுக்க அவர் கையில் அன்று அமைச்சும் இல்லை, அரசாங்க வேலைகளும் இல்லை. அந்தக் குரலுக்கே சனம் வாக்களித்தது.

அவருக்கும் கட்சிக்கும் இடையிலான விரிசல் 1977இல் வெளியே தெரிந்தது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான மட்டக்களப்பில் இராசதுரை, தமிழரசும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனில் நிற்க, கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். வென்றது இராசதுரை, காயம் ஆறவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மாவட்டத்தையே சிதைத்துப் போட்டது. அடுத்த ஆண்டு இராசதுரை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனவின் பக்கம் போய்ப் பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். அதற்கு வழிவிடவே 1979 பெப்ரவரியில் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் வந்தது.

துரோகி என்றார்கள். அந்தச் சொல்லோடு அவர் கதையை முடித்துவிட எனக்கு மனமில்லை. 1982இல் அவர் முயற்சியில் தொடங்கிய விபுலாநந்தர் இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாகக் கல்லடியில் இயங்குகிறது. கூத்தும் இசையும் வளர்ந்த மண்ணில் பிள்ளைகள் அவற்றையே படித்துப் பட்டம் பெறுகிறார்கள். ஆனால் 1983 யூலை எரிந்தபோதும், பிரிவினைக்கு எதிரான ஆறாவது திருத்தத்தால் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தபோதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழருக்காகவே பழகிய குரல் அது.

இன்று கட்சி தாவ அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் வென்ற ச. வியாழேந்திரன் 2018 நவம்பரில் கிழக்கு அபிவிருத்திப் பிரதி அமைச்சரானார். கிழக்கு மாகாண முதலமைச்சராயிருந்த பிள்ளையானும் 2022இல் இராஜாங்க அமைச்சரானார். பாலமும் வீதியும் வந்தன; 2014இல் மண்முனையில் பாலம் திறந்தபின் படுவான்கரைக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் தெருவில் இருந்தபோதோ, எந்த இராஜாங்க அமைச்சாலும் அந்த நிலத்தை மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

2024 பொதுத்தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது. மிஞ்சிய ஒன்று மட்டக்களப்பு. ஐந்து ஆசனங்களில் மூன்றை, இராசதுரை விட்டுப்போன அதே தமிழரசுக் கட்சிக்கு, எதிர்க்கட்சியில்தான் இருக்கும் என்று தெரிந்தே சனம் கொடுத்தது.