பொழுது சாய்ந்தால் ஜமீன் போச்சு

1797-ல் வங்காளத்தின் பர்த்வானில் ஓர் ஏலம். ராஜா கட்டவேண்டிய நிலவரி பாக்கி ஏகத்துக்கும் ஏறிப்போனதால், அவருடைய மகால்கள், அதாவது ஜமீன் நிலங்கள், விலைக்கு வந்தன. கூட்டமோ கூட்டம். கேட்பதற்கு ஆள் குறைவில்லை. ஏலம் முடிந்து விசாரித்தபோதுதான் கலெக்டருக்கு விஷயம் புரிந்தது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் ராஜாவின் வேலையாட்கள், ஏஜெண்டுகள்! விற்பனையில் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் நாடகம்.

பத்திர ஆபீஸ் வாசலில் இன்று சாதாரணமாக அடிபடும் ‘பினாமி’தான் அன்றைய வங்காள ஜமீன்தார்களின் கேடயம். தன் ஆளையே விட்டு ஏலம் எடுக்கச் சொல்வது, அவன் பணம் கட்டாமல் இழுத்தடிப்பது, மறு ஏலம், மறுபடியும் அதே கதை. அலுத்துப்போய் அரசு அடிமாட்டு விலைக்கு ஜமீன்தாரிடமே தள்ளிவிடும். பர்த்வான் ராஜா கொஞ்சம் நிலத்தைத் தாயார் பெயருக்கும் மாற்றினார். பெண்கள் சொத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கைவைக்காதே!

எல்லாம் 1793-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தின் விளைவு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தொகை மாறாது. கெடு நாளில் சூரியன் மறைவதற்குள் கட்டியாக வேண்டும், தவறினால் ஏலம்.

பினாமி எல்லோரையும் காப்பாற்றவில்லை. வெள்ளைக்காரர்களுக்குத் தரகு பார்த்தும் வியாபாரம் செய்தும் காசு சேர்த்த கல்கத்தாக்காரர்கள் நிலத்தை வாங்கினார்கள். பத்திரம் கைக்கு வந்தது, ஊர் வரவில்லை. புது முதலாளியின் ஆட்களைப் பழைய ஜமீனின் ‘லாட்டியால்’கள், அதாவது தடியாட்கள், அடித்து விரட்டினார்கள். சில இடங்களில் குடியானவர்களே வழிமறித்தார்கள். தங்களை வரி கேட்டு வாட்டியவரின் பக்கமே அவர்கள் நின்றதுதான் விசித்திரம். ‘நாங்கள் அவருடைய பிரஜைகள்’ என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

ஆனால் புதுப்பணமும் பழசாகும். ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகநாத், கம்பெனியின் உப்பு இலாகாவில் திவானாக இருந்தவர், பெரிய வியாபாரி. நாட்டோர் ராஜ குடும்பத்தின் கையைவிட்டுப்போன ஷாஜாத்பூரை வாங்கியவர் அவர்தான். 1890-களில் அங்கே கணக்கு வழக்குப் பார்க்கப் போன பேரனை ஊரார் ‘ஜமீன்தார் பாபு’வாகத்தான் பார்த்தார்கள்.

பழைய ஜமீனுக்கும் புதுப்பணத்துக்குமான பகையைத் திரையில் பார்க்க வேண்டுமானால் சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ (1958) போதும். தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதை. நிலத்தையெல்லாம் ஆறு தின்றுவிட்ட ஜமீன்தார் பிஸ்வம்பர் ராய். வட்டிக்கடைக்காரர் மகன் மகிம் கங்குலி. மகிமின் வீட்டில் மின்விளக்கு எரிகிறது. அவன் லாரி கிளப்பும் புழுதி, ராயின் யானையையே மறைக்கிறது. கடைசி முறையாக ராயின் மாளிகையில் கச்சேரி. நாட்டியக்காரிக்குப் பணம் கொடுக்க மகிம் முந்திக்கொண்டு கையை நீட்டுகிறான். ராயின் கைத்தடி வளைவு அந்த மணிக்கட்டைக் கொக்கிபோட்டு இழுக்கிறது. முதல் மரியாதை செய்வது வீட்டுக்காரரின் உரிமையாம்! ராய் பணமுடிப்பை எடுத்து நீட்டுகிறார். கஜானாவில் மிச்சமிருந்ததே அவ்வளவுதான்.