சணலின் மரபணு: இரு வங்கங்களும் படித்த ஒரே பாடம்

கொல்கத்தா: ஹூக்ளி ஆற்றங்கரையில் நூற்றாண்டு கடந்தும் இயங்கும் சணல் ஆலைகளின் எதிர்காலம், கண்ணுக்குப் புலப்படாத சில புரதங்களையும் சார்ந்திருக்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

1855-ல் ரிஷ்ராவில் நாட்டின் முதல் சணல் ஆலை தொடங்கப்பட்டது. 1947-ல் நாடு பிரிக்கப்பட்டபோது ஆலைகள் இந்தியாவில் நின்றன. சணல் விளையும் நிலங்களில் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானுக்குப் போயிற்று. அந்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு, கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் 1953 முதல் இயங்கும் மத்திய அரசின் சணல் ஆராய்ச்சி நிலையத்தின் மீது விழுந்தது. அதன் படைப்பான 'நவீன்' என்னும் ஜேஆர்ஓ 524 ரகம் 1977-ல் வெளியானது. இன்று எல்லைக்கு அப்பாலுள்ள வங்கதேச விவசாயிகளும் பெருமளவில் இந்த இந்திய விதையையே நம்பியிருக்கின்றனர்.

சணலில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எனினும் வணிக நோக்கில் பயிராவன இரண்டே: வெள்ளைச் சணல், டோசா சணல். முன்னது தேங்கும் நீரைத் தாங்கும். பின்னது மென்மையான, தரமான நார் தரும். இரண்டுக்கும் குரோமோசோம்கள் 14-தான். ஆயினும் அவற்றைக் கலந்து, இரண்டின் நற்குணங்களும் கொண்ட ஒரு செடியை உருவாக்கும் முயற்சி எளிதில் கைகூடுவதில்லை. எனவேதான் இரண்டின் மரபணுக்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வு முக்கியத்துவம் பெறுகிறது.

ஒரு செடியின் எல்லா உயிரணுக்களிலும் மரபணுக்கள் ஒன்றே. எது, எப்போது, எவ்வளவு இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள். இவை குடும்பம் குடும்பமாக அமைந்தவை. பருத்தியும் சணலும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பருத்தி விதையின் மேல் இழை முளைக்கச் செய்வது 'எம்ஒய்பி' என்ற புரதக் குடும்பம். தாவரத் தண்டுகளில் லிக்னின் படிவதை முறைப்படுத்துவதிலும் அதே குடும்பத்துக்குப் பங்குண்டு.

இந்த லிக்னின்தான் சணலின் சிக்கல். பருத்தி இழை ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ். சணல் நாரிலோ 12 முதல் 14 சதவீதம் வரை லிக்னின். நார் முரடாக இருப்பதும், சணல் சாக்கோடு நின்றுவிடுவதும் இதனால்தான். லிக்னின் பாதியளவே உள்ள வெள்ளைச் சணல் செடியொன்றை பாரக்பூர் விஞ்ஞானிகள் 2004-ல் விவரித்தனர். ஆனால் அதில் நார்க்கற்றைகளும் குறைந்துவிட்டன. நாரைக் குறைக்காமல் லிக்னினை மட்டும் குறைக்கும் விசை எது என்பதே இன்றைய கேள்வி.

இதற்கான அடித்தளம் எல்லைக்கு அப்பால் இடப்பட்டது. டோசா சணலின் மரபணுத் தொகுப்பைப் படித்துவிட்டதாக வங்கதேசம் 2010 ஜூனில் அறிவித்தது. இரு இனங்களையும் ஒப்பிட்ட முழு ஆய்வு 2017 ஜனவரியில் வெளியாயிற்று. டோசாவில் 37,031, வெள்ளைச் சணலில் 30,096 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. ஆய்வை முன்னின்று நடத்திய மக்சூதுல் ஆலம் அதைக் காண உயிரோடு இல்லை, 2014-ல் மறைந்துவிட்டார். பாரக்பூர் நிலையமும் அதே 2017-ல் 'நவீன்' ரகத்தின் மரபணு வரைவைத் தனியே வெளியிட்டது.

ஒரே செடியை இரு நாடுகளும் தனித்தனியே படித்த அதே ஆண்டின் ஜனவரியில்தான், வங்கதேசச் சணல் பொருள்களுக்கு இந்தியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2025 ஜூனில் தரைவழி இறக்குமதிக்கும் தடை வந்தது. விலை வீழ்ச்சியிலிருந்து உள்நாட்டு ஆலைகளையும் விவசாயிகளையும் காக்கவேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வரியால் மட்டும் தொழில் வளராது.

1987-ம் ஆண்டின் கட்டாயப் பொதிச் சட்டமே இன்றும் ஆலைகளைத் தாங்கி நிற்கிறது. அரசு கொள்முதல் செய்யும் சாக்குகளுக்கு அப்பால் சணலுக்குச் சந்தை வேண்டுமானால், நார் மாறவேண்டும். சுமார் 40 லட்சம் விவசாயக் குடும்பங்கள் சணலை நம்பியிருப்பதாக மத்திய அரசே கூறுகிறது. மரபணு ஏடுகளில் எழுதப்பட்ட அறிவு, பொதுத்துறை ஆய்வகங்களின் வழியே முர்ஷிதாபாத், நதியா வயல்களில் விதையாக முளைக்கும்போதுதான் அந்தக் குடும்பங்களுக்குப் பொருளுடையதாகும்.