கொச்சங்காடியின் யூதர்கள்

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கொச்சியில் புதிய துறைமுகம் உருவானது. வணிகத்தை நம்பியிருந்த கொடுங்கல்லூர் யூதர்களில் ஒரு பிரிவினர் தெற்கே நகர்ந்து, மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் குடியேறினர். 1344-இல் அங்கே ஒரு தொழுகைக்கூடம் கட்டினர். கொச்சியில் யூதர்கள் எழுப்பிய முதல் தொழுகைக்கூடம் என்று அதையே சொல்கிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களும் வந்து சேர்ந்தனர். ஜெர்மனியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களும் பின்னர் இவர்களோடு கலந்தன. ‘பரதேசி’ என்று அழைக்கப்பட்ட இவர்கள், கொச்சி மன்னர் அரண்மனையை ஒட்டி அளித்த நிலத்தில் 1568-இல் தங்கள் தொழுகைக்கூடத்தைக் கட்டினர். கொச்சங்காடிக் கட்டடம் இன்று இல்லை. எபிரேய எழுத்துகள் பொறித்த அதன் கல்வெட்டு மட்டும் பரதேசி தொழுகைக்கூடச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது.